அவர் கேட்ட பாசி

ஜூன் 16

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வாளியில் ஊறிக்கிடந்த கற்களைக் கழுவினேன். பழைய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, சன்னல் கட்டையில் காய வைத்தேன். பிறகுதான் என் பல்லைத் துலக்கினேன். இந்த வரிசையைக் கேலி செய்ய வீட்டில் யாரும் இல்லை.

இது கம்பெனி பெயர் போட்ட டைரி. ஆபீஸைக் காலி செய்தபோது காவல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ஜூன் வரை வெற்றுத்தாள். முதல் பக்கம் என்பதால் விவரம் எழுதிவிடுகிறேன். பெயர் உலகம்மை. வயது நாற்பத்து நான்கு. பி.எஸ்ஸி. வேதியியல். சொந்த ஊர் தென்காசி. குழந்தை இல்லை. எழுதிப் பார்த்தால் வேலைக்கு விண்ணப்பம் போட்டதுபோல் இருக்கிறது.

அவருக்குச் சுரங்கம் குடையும் கம்பெனியில் வேலை. கால்வாய்க்காக மலையைக் குடைந்த இந்த மராட்டிய ஊருக்கு வந்து ஏழு வருஷமாகிறது. வேலை முடிந்து, போன வருஷம் மழைக்கு முன்னால் அவரை இமாச்சலத்துக்கு மாற்றினார்கள். அங்கே குடும்பத்துக்கு வீடு கிடைத்ததும் வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார். பொங்கலுக்கு வந்தபோதும் அதையே சொன்னார். காலனியில் மற்றவர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் போய்விட்டார்கள். இப்போது விளக்கு எரிவது என் வீட்டிலும் கேட்டில் காவல்காரர் அறையிலும்தான். தீபாவளிக்குள் நானும் இந்த வீட்டை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் வந்துவிடுவார்.

நேற்று முதல் மழை. உழுது போட்ட கரிசலில் மழை அடித்தால் மண் தாழ்ந்து கல் மேலே நிற்கும். சூரியனைப் பார்த்தபடிதான் நடக்க வேண்டும். வெயில் கல்லுக்குள் புகுந்து நம் பக்கம் வரும்போது மற்றக் கல்லெல்லாம் கறுப்பாகக் கிடக்க, அகேட் என்கிற வரிக்கல் மட்டும் உள்ளே திரி ஏற்றியதுபோல் தெரியும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நடந்தால் அதையே மிதித்துக்கொண்டு போவோம்.

ஜூன் 17

இன்றும் மந்தாபாயின் பருத்திக்காடு. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். புருஷன் இல்லை. காட்டையும் மாதுளைத் தோட்டத்தையும் தனியாளாகப் பார்க்கிறாள். என்னை ‘வைனி’ என்பாள். எங்கள் ஊரின் மதினிதான் அது. அவள் பேசுவது மராத்தி. ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு அது தென்காசிப் பேச்சாகத்தான் கைக்கு வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

“என்ன மதினி, இன்னைக்கும் வந்தாச்சா? களை பொறுக்குனாலாவது கூலி தருவேன். கல்லப் பொறுக்குதியளே.”

“உனக்கு எடைஞ்சல்னா வரல.”

“எடைஞ்சலா? எங்க மாமனார் காலத்துலயே நீங்க வந்திருந்தா நாலு கலப்பை மிச்சமாயிருக்கும். அள்ளிட்டுப் போங்க. காட்டையும் சேத்து அள்ளிட்டுப் போயிராதிய.”

மடியில் கட்டியிருந்த ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். வரப்பில் உட்கார்ந்து தின்றோம். நேற்றுக் காலைக்குப் பிறகு நான் வாய் திறந்து பேசியது அப்போதுதான் என்று வீட்டுக்கு வரும் வழியில் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 24

மழை விடவில்லை. இட்லி மாவு புளித்துப் பொங்கிவிட்டது. ஒரு இட்லியைப் பிட்டு உள்ளே இருந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சட்னி தாளிக்க மறந்தேன்.

இந்த நிலம் முழுவதும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆறு கோடி வருஷத்துக்கும் முன்னால் பூமி பிளந்து பாறைக்குழம்பு ஓடியது. ஆறும்போது அதற்குள் மாட்டிக்கொண்ட வாயு அப்படியே குமிழிகளாக நின்றுவிட்டது. பாறை இறுகியபின் குமிழி ஒரு வெற்று அறை. கதவில்லாத அறை. பாறையின் நுண்ணிய கசிவுகள் வழியாகச் சிலிக்கா கரைந்த நீர் அதற்குள் வருகிறது. சுவரில் ஒரு மெல்லிய படலம் படிகிறது. பிறகு அதன்மேல் இன்னொன்று. நீரில் இரும்பு இருந்தால் படலம் சிவப்பு, இல்லாவிட்டால் வெளுப்பு அல்லது சாம்பல். இப்படியே வரிவரியாக. படலங்கள் இத்தனை சீராக எப்படிப் பிரிகின்றன என்பதில் படித்தவர்களுக்குள்ளே இன்னும் ஒரு முடிவில்லை.

வெங்காயத்தை அறுத்தால் வரும் வளையங்கள் மாதிரிதான் இருக்கும். ஆனால் வெங்காயம் உள்ளேயிருந்து வளரும். அகேட்டில் வெளிவரிதான் மூத்தது. நடுவில் இருப்பது கடைசியாக வந்தது. சிலவற்றில் நீர் வருவது பாதியில் நின்றுபோய், நடு இடம் வெறுமையாகவே இருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான். மண் பூசிய உருளைக்கிழங்கு.

ஜூலை 5

பாசிக்கல் கிடைத்தது!

ஏழு வருஷத்தில் சின்னச் சின்னத் துண்டுகள் கிடைத்ததுண்டு. இது என் உள்ளங்கை அளவு. பாதி உடைந்த முகம். வெள்ளை, சோறு வடித்த கஞ்சியின் வெள்ளை. அதற்குள் கறுப்பாகப் பாசி. கிணற்றுச் சுவரில் படர்வதுபோலக் கிளைவிட்டு, நுனியில் பூத்தாற்போல். சன்னலுக்கு நேரே பிடித்தால் ஆழம் தெரிகிறது. முன்னால் ஒரு கொத்து, அதற்குப் பின்னால் மங்கலாக இன்னொரு கொத்து.

மந்தாபாயிடம் காட்டினேன். “இதுல என்ன, பூஞ்சை பிடிச்சிருக்கு” என்றாள்.

ஜூலை 8

அவர் ஃபோன் செய்தார். வாரம் ஒரு தடவை என்று இருந்தது பத்து நாள், பதினைந்து நாள் என்று ஆகிவிட்டது. மலையில் சிக்னல் கிடைப்பதில்லையாம்.

பாசிக்கல்லைப் பற்றிச் சொன்னேன். வெள்ளை, உள்ளே கறுப்பு, எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டே போனேன். “ம்” என்றார். அவர் ‘ம்’ சொல்லும்போது கேட்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் இருக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரிக்கு ஆள் இல்லை, என்னை வரச் சொல்லிக் கேட்டார்கள் என்பதையும் சொன்னேன்.

“எதுக்கு? தீவாளி வரைக்கும்தான? கெளம்புத நேரத்துல எதுக்கு அதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கிட்டு.”

அவர் சொல்வதும் சரிதான். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வீடு கிடைக்குமா என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூலை 11

இன்று ஒரு விளையாட்டு விளையாடினேன்.

பின்கட்டில் அவர் விட்டுப்போன கேன் ஒன்று கிடந்தது. நீர்க்கண்ணாடி. சுரங்கத்தில் நீர்க்கசிவை அடைக்க ஊற்றுவார்கள். சோடியம் சிலிக்கேட் கரைசல்தான் அது. மந்தாபாயிடம் மாதுளைக்கு மருந்தடிக்க வைத்திருந்த மயில்துத்தம் ஒரு சிட்டிகை வாங்கினேன். உரக்கடையில் அன்னபேதி, இரும்பு உப்பு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் நீர்க்கண்ணாடியைத் தண்ணீர் விட்டுக் கலந்து, இரண்டிலிருந்தும் பொடிக்கற்களைப் போட்டேன். பாளையங்கோட்டையில் கல்லூரி லேபில் பார்த்தது. அப்போது மாணவிகள் எல்லோரும் கைதட்டினோம்.

துளி நேரத்தில் முளைத்தது. மயில்துத்தத்திலிருந்து நீலத் தண்டுகள், அன்னபேதியிலிருந்து அழுக்குப் பச்சையில் கொடிகள். வளைந்து, கிளைவிட்டு மேலே ஏறின. உலை கொதிக்கக் கொதிக்க எழும் ஆவிபோல. ஒரு செடி வளர்வதை யாராலும் நின்று பார்க்க முடியாது. இதைப் பார்க்கலாம், ஏனென்றால் இதில் உயிர் இல்லை.

பாசிக்கல்லும் இப்படித்தான். அதில் பாசி கிடையாது. ஒருகாலும் இருந்ததில்லை. சிலிக்கா கூழாக இருந்தபோது இரும்பும் மாங்கனீசும் அதற்குள் நுழைந்து கிளைவிட்டு, அப்படியே உறைந்திருக்க வேண்டும். பெயர்தான் பாசி.

தமிழில் இந்தச் சொல்லே ஒரு வேடிக்கை. குளத்தில் படர்வதும் பாசி, கழுத்தில் கோத்துப் போடுவதும் பாசி.

ஜூலை 12

பாட்டிலில் காடு நிறைந்துவிட்டது. நகர்த்த பயமாக இருக்கிறது. அடுப்பங்கரை மேடையிலேயே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 9

குழல்வாய்மொழி பேசினாள். என் கொழுந்தனார் மனைவி. தென்காசி வீட்டில் அவர்கள்தான் இருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் மொழி என்போம்.

“எக்கா, நல்லாருக்கியளா? இங்க ஒரே சாரல். துணியே காய மாட்டேங்கு.”

“இங்கயும் மழைதான். பிள்ளைக எப்பிடி இருக்கு?”

“எல்லாம் நல்லாருக்கு. எக்கா, மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு. ஃபேனும் புதுசு மாட்டிருக்கு. பாத்ரூம் குழாயையும் மாத்தச் சொல்லிட்டேன், அது ஒழுகிட்டுல்லா கெடந்துச்சு.”

“யாருக்கு?”

“யாருக்கா... யாராவது வந்தா இருக்கதுக்கு. நீங்களே கொஞ்ச நாளு வந்து இருக்கப்பிடாதா? அத்தானுக்கும் அதான்...” என்றவள், “இந்தா, பால் பொங்குது, வச்சிருதேன்” என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு யார் வீட்டில் பால் பொங்குகிறது?

ஆகஸ்ட் 18

அவர் கேட்டார். பாசி கேட்டார்!

சாயங்காலம் விளக்கேற்றும் நேரம். லைன் கொரகொரவென்று இருந்தது. கூட வேலை பார்க்கும் தமிழ் ஆள் ஒருவர் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதாம்.

“இங்க அந்தப் பேர் சொல்லாத மருந்து கெடைக்க மாட்டேங்கு. நீ கொஞ்சம் வாங்கி அனுப்பு.”

வசம்பைச் சொல்கிறார். விளக்கு வைத்தபிறகு அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். அவருக்கு இதெல்லாம் நினைவிருப்பது ஆச்சரியமாக இருந்தது. எது வேண்டுமென்றாலும் என்னிடம் கேட்டே பழக்கம். அதில் ஆச்சரியம் இல்லை.

“சரி, அனுப்புதேன்.”

“அப்புறம்...” கொரகொர. “...பாசி இருக்குல்லா? கருப்பும் வெள்ளையும்? அதையும் சேத்து அனுப்பு. மறந்துராத.”

கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் போன மாதம் சொன்னது கறுப்பு, வெள்ளை வரைக்கும் நினைவிருக்கிறது. ஏழு வருஷத்தில் என் கற்களில் ஒன்றை அவர் வேண்டும் என்று கேட்டதில்லை. “குப்பைய வீட்டுக்குள்ள கொண்டாராத” என்றுதான் சொல்லியிருக்கிறார்.

இன்று இரண்டு தடவை காபி போட்டுக் குடித்தேன்.

ஆகஸ்ட் 19

பஸ் பிடித்து டவுனுக்குப் போய், கல் அறுக்கும் யாகூப் கடையில் கொடுத்தேன். எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதை எனக்கும் சொன்னார். “ரம்பம் வைக்கிற வரைக்கும் உங்க கல்லு. வச்சதுக்கப்புறம் அது இஷ்டம். உள்ள ஒண்ணும் இல்லன்னா என்னைத் திட்டக் கூடாது.”

“உள்ள இருக்கது தெரியுதே.”

“தெரியறதெல்லாம் இருக்கும்னு இல்லம்மா. நான் இந்தத் தொழில்ல கண்டதெல்லாம் அதான்.”

தண்ணீர் தெறிக்க, சாம்பல் நிறச் சேறு வழிய, ரம்பம் அலறிக்கொண்டே உள்ளே போனது. பாதியாகப் பிளந்து கழுவிக் கையில் கொடுத்தார். உள்ளே முழுக்கப் பாசி. இரண்டு முகத்திலும் ஒரே காடு, கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலம் இடம் மாறி. இரண்டையும் பலகையாக அறுத்து வழவழப்பாக்கித் தரச் சொன்னேன். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

ஆகஸ்ட் 21

வசம்புக்கு மந்தாபாயிடம் போனேன். இங்கே வேகண்ட் என்கிறார்கள். பெட்டியிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்து எடுத்தாள்.

“யாருக்குக் கொழந்தை?”

“அவருகூட வேலை பாக்கிறவருக்கு.”

“பேரென்ன, அந்த ஆளுக்கு?”

நான் கேட்கவில்லை என்றேன். மந்தாபாய் வசம்பைத் தாளில் மடித்தாள். மடித்ததைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

“அந்த ஆளுக்கு அம்மா, மாமியாருன்னு யாரும் கெடையாதா மதினி? ஊர்லருந்து அனுப்ப?”

“தெரியலை.”

“சரி சரி. எனக்கென்ன. வெல்லம் போட்டு டீ குடிச்சிட்டுப் போங்க.”

கல்லைப் பஞ்சில் சுற்றி, அதன்மேல் என் பழைய பட்டு ரவிக்கைத் துணி, அதன்மேல் அட்டை. வசம்பு ஒரு மூலையில். கூரியர் அனுப்பியாயிற்று.

ஆகஸ்ட் 30

கிடைத்ததா என்று தகவல் இல்லை. மலைப்பாதை. மழை.

பருத்தி இடுப்பு உயரம். இனி அறுவடை வரை காட்டுக்குள் கல் பார்க்க முடியாது.

செப்டம்பர் 6

மத்தியானம் பேசினார். இன்று அவருக்கு விடுமுறை போல.

“ஏ, என்னத்தட்டி அனுப்பியிருக்க?”

“வந்துட்டா? உடையாம இருக்கா?”

“உள்ள கல்லுல்லா இருக்கு.”

“ஆமா. நீங்கதான கேட்டிய.”

“நான் எப்பம் கல்லு கேட்டேன்? பாசில்லா கேட்டேன்.”

“அதான் பாசி. பாசிக்கல்லு. கருப்பும் வெள்ளையும்னு சொன்னியள்லா?”

சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு நாளாகிவிட்டது. அதனால் நானும் கூடவே சிரித்தேன்.

“கோட்டிக்காரி! கையில கட்டுத பாசிட்டி. கருப்பும் வெள்ளையுமா கோத்து, நடுவுல அந்த மருந்த வச்சிப் பிள்ளையளுக்குக் கட்டுவாவல்லா, அந்தப் பாசி. கல்லத் தூக்கிக் கையில கட்ட முடியுமா?”

“யாரு கையில?”

“அதான் சொன்னம்லா, இங்க கூட வேல பாக்குதவரு...”

அப்போது ஒரு குழந்தை அழுதது. ஃபோனை ஒட்டி, அவர் தோளிலோ மடியிலோ இருந்ததுபோல் அவ்வளவு கிட்டத்தில். வாயை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “இந்தா புள்ள, இவனப் பிடி” என்றார். அப்புறம் என்னிடம், “சரி, வையி, லைன் சரியில்ல” என்றார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.

விடுமுறை என்பதால் கூட வேலை பார்ப்பவர் குடும்பத்தோடு வந்திருப்பார். குழந்தையை வாங்கி வைத்திருப்பார். ‘புள்ள’ என்பது எங்கள் பக்கம் யாரையும் கூப்பிடும் சொல்தான். கல்யாணமான புதிதில் சில வருஷம் என் பெயரே அதுதான். எப்போது உலகம்மையானேன் என்று நினைவில்லை.

ராத்திரிக்கு உப்புமா.

செப்டம்பர் 7

மழை.

செப்டம்பர் 8

போர்வைகளை ஊற வைத்துத் துவைத்தேன். வெயில் இல்லை. எதற்காக இன்று துவைத்தேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 13

மேடையைத் துடைக்கும்போது கை பட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் சாய்ந்தது. விழவில்லை, பிடித்துவிட்டேன். ஆனால் உள்ளே எல்லாம் ஒடிந்து பொடியாக இறங்கிவிட்டது. இரண்டு மாதம் அசையாமல் நின்ற காடு. கல்லாக இறுகிவிட்டது என்று நினைத்திருந்தேன். வெறும் தோல்தான் போல.

கழுவி வைத்துவிட்டேன். வெந்தயம் போட்டு வைக்க ஆகும்.

செப்டம்பர் 20

பழைய வரிக்கல் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வரியை வெளியிலிருந்து உள்ளே படிக்க வேண்டும். அப்படிப் படித்தால்தான் எது முன்னால் வந்தது, எது பின்னால் என்று தெரியும்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது ஃபோன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசினார். குளிருகிறதே, உள்ளே வாருங்கள் என்று நான் சால்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கும் முன்னால், ‘மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஆகவில்லை, சமைத்துப் போட ஆள் வைத்திருக்கிறேன்’ என்றார். நல்லது என்றேன். சின்னக் குக்கரை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். சாம்பார்ப் பொடி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டார். காரம் குறைத்து அரைக்கச் சொன்னார். குறைத்தேன்.

மொழி வெள்ளையடித்த மாடி ரூம்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. மெல்லிய படலம்.

செப்டம்பர் 28

நான் காட்டுப் பக்கம் போகவில்லை என்று மந்தாபாய் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். கையில் வெண்டைக்காய்.

“காய்ச்சலா?”

“இல்லை.”

“அப்ப என்ன, என் காட்டுக் கல்லு அலுத்துப்போச்சா?”

முறத்தை எடுத்துக் கொடுத்தேன். அவளே வெண்டைக்காயை நறுக்க உட்கார்ந்தாள். நறுக்கி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு சொன்னாள்:

“எங்க மாதுளைத் தோட்டத்து ரூமு இருக்கில்ல, மேல ஓடு மாத்தியாச்சு. எங்க அண்ணன் மகன் இருந்தான், இப்ப டவுனுக்குப் போய்ட்டான். மோட்டார் சத்தம் கொஞ்சம் கேக்கும். வேற ஒண்ணும் இல்ல.”

“எனக்கு எதுக்கு மந்தாபாய்? அவர் வந்து...”

“உங்களுக்குன்னு நான் சொல்லலியே. ரூமு இருக்குன்னுதான் சொன்னேன்.” சாவியை முறத்தின் பக்கத்தில் வைத்தாள். “என் வீட்டுல எலி தொல்லை, இங்க கெடக்கட்டும்.”

எலி சாவியைத் தின்னுமா என்று கேட்டேன். “எங்க ஊர் எலி தின்னும்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் போனபிறகு அழுதேன். கொஞ்ச நேரம்தான்.

அக்டோபர் 4

அவர் பேசினார். எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாராம். தீபாவளிக்கு முந்தின வாரம் லாரி வரும். சாமான்களை ஏற்றித் தென்காசிக்கு விட்டுவிடலாம்.

“நானும் தென்காசிக்கா?”

“இங்க வீடு கெடைக்கதுக்கு இன்னும் நாளாகும். நீ கொஞ்ச நாளு ஊர்ல இரு. மொழி இருக்கா, தம்பி இருக்கான். தனியா கெடக்கதுக்கு அது மேல்லா?”

“நீங்க வருவியளா?”

“லீவு பாக்கணும்.”

எதுவுமே கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கடைசியில் கல்லைப் பற்றி மட்டும் கேட்டேன். “என் கல்லு எங்க வச்சிருக்கிய?”

“கல்லா? ஆங், அது இருக்கு. மருந்து ஒரசதுக்கு நல்லா வாட்டமா இருக்குன்னு சொல்லுதா...”

சொல்லுதா. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். இருமினார்.

நானே மறந்துபோனதை அந்தப் பெண் கண்டுபிடித்திருக்கிறாள். லேபில் அருமையான மருந்துகளை அரைக்க அகேட் கல்வம் வைத்திருப்போம். அவ்வளவு கெட்டி. தேயாது, தன் பொடியை மருந்தில் கலக்காது. கைக்குழந்தைக்கு வசம்பு உரச அதைவிட நல்ல கல் கிடையாது. யாரோ ஒருத்தி காலையில் குளித்துவிட்டு வந்து, என் பாசியின்மேல் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டு உரசுகிறாள். நினைத்துப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் நன்றாகத் தெரிகிறது, சன்னல் வெளிச்சம் உட்பட.

அக்டோபர் 8

டவுனுக்குப் போனேன். வளையல் கடையில் பாசி கேட்டேன். கறுப்பு, வெள்ளை. கடைக்காரப் பெண் நூலும் எடுத்துக் கொடுத்து, “பேரனா?” என்றாள். இல்லை என்றேன். “பின்னே?” என்றாள். மழை வருகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அங்கிருந்து ரயில்வே முன்பதிவுக் கவுன்டருக்குப் போனேன்.

அக்டோபர் 11

காலையில் எழுந்ததும் கற்களைக் கழுவவில்லை. எல்லாம் சாக்கில் கட்டியாயிற்று. சாக்கு லாரிக்குப் போகாது. அவருடைய சாமான்கள் மட்டும் தென்காசிக்குப் போகும். கட்டில், பீரோ, அவர் பெட்டிகள். மொழி அடித்த வெள்ளை வீணாக வேண்டாம், மாடி ரூமில் அவற்றை வைத்துக்கொள்ளட்டும். மந்தாபாய் வைத்துவிட்டுப் போன சாவி என் பையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இன்னும் ஆள் போடவில்லை என்று காவல்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். திரும்பி வந்து போய்க் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. மந்தாபாயிடம்கூட இல்லை. நாளை மன்மாட்டில் ரயில். வடக்கே போகிற ரயில். அவர் வந்து அழைத்துப்போகட்டும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்த இடத்துக்கு நானே ஒரு தடவை போய்விட்டு வரப்போகிறேன். சண்டை போட இல்லை. கல்லைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. குழந்தைக்கு மருந்து உரசுகிற கல் அங்கேயே இருக்கட்டும். மறுபாதி என்னிடம் இருக்கிறது. ரம்பம் வைக்காமல் எத்தனை நாள்தான் வெளியே உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது?

சன்னலோரம் உட்கார்ந்து கோத்தேன். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. நடுவில் பேர் சொல்லாத மருந்து. இப்போது பகல்தான், நல்ல வெயில். பேரைச் சொல்லலாம்.

வசம்பு.

அவருடைய மகன்.

சொல்லிவிட்டேன்.

மணிக்கட்டு எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் கூரியரில் அனுப்பு என்பார். நூலை இரண்டு பக்கமும் நீளமாக விட்டிருக்கிறேன். முடிச்சை அங்கே போய்ப் போட்டுக்கொள்கிறேன்.